மெட்டல் பதிவு தொலைவில் ஒலிக்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வேகமான பிளாக் மெட்டல், மெதுவான டூம் மெட்டல் போன்ற கனமான ராக் இசையைக் கரடுமுரடாகவும், எங்கோ தொலைவிலிருந்து வருவது போலவும் பதிவு செய்ய விரும்பும் இளைஞர்கள் மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் சரிசெய்து தரும்படி கொண்டுவரும் பதிவுகளில் ஒரே வகையான குறைகள்தான் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் ஒன்றே: அறையிலும் ஒலி கெடுகிறது, கருவியிலும் கெடுகிறது, மிக்ஸிலும் (தடங்களைக் கலக்கும் கட்டத்திலும்) கெடுக்கப்படுகிறது. இம்மூன்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அங்கே ஒலியைக் கெடுங்கள். மற்ற இரண்டும் சுத்தமாக இருக்கட்டும். கீழே உள்ள ஒவ்வொரு சோதனையும் இந்த எண்ணத்தோடுதான் எழுதப்பட்டுள்ளது.

எந்தச் சோதனையைத் தொடங்கும் முன்பும், கிட்டாரை ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) அனுப்புவதோடு கூடவே நேரடியாக இன்டர்ஃபேஸிலும் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் கருவியிலும்) ஒரு தடத்தில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுத்தமான தடம் கையில் இருந்தால், தவறிய எதையும் மறுபடி வாசிக்காமலேயே திருத்த முடியும்.

## அறிகுறி: ஒலி மங்கியிருக்கிறது, ஆனால் தொலைவில் இல்லை

போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கிறது; ஆனால் வாசிப்பவர் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார் என்பதும் தெரிகிறது. மிக அதிகமாக வரும் புகார் இதுதான். ஆகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

முதலில், அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைப் பாருங்கள். உயர் அலைவரிசைகளை மட்டும் வெட்டிவிட்டுத் தாழ்ந்தவற்றை அப்படியே விட்டிருந்தால், ஒலி மங்குமே தவிர விலகாது. 150 முதல் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதையும் சரிவாகக் குறையுங்கள். மேலே 5,000 அல்லது 6,000 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக இறக்குங்கள். செங்குத்தாக வெட்டினால் அது வடிகட்டியின் ஒலியாகவே கேட்கும்.

அடுத்தது ரிவெர்ப், அதாவது செயற்கையாகச் சேர்க்கும் எதிரொலி. இங்கே பலர் கவனிக்காத அமைப்பு பிரீ-டிலே, அதாவது மூல ஒலிக்குப் பின் எதிரொலி தொடங்கும் வரையுள்ள இடைவெளி. அது 40, 60 மில்லிசெகண்ட் என்று நீண்டிருந்தால், மூல ஒலி முன்னால் தனியாக நின்றுகொண்டு, எதிரொலி மட்டும் பின்னால் வரும். அதாவது பெரிய கூடத்தில் நமக்கு மிக அருகில் ஒருவர் வாசிப்பது போல இருக்கும். தொலைவு வேண்டுமெனில் பிரீ-டிலேயை 0 முதல் 10 மில்லிசெகண்டுக்குள் கொண்டுவாருங்கள். பிறகு ரிவெர்புக்குச் செல்லும் இணைப்பை, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்னாலிருந்து எடுத்து, மூல ஒலியின் ஃபேடரை மட்டும் படிப்படியாக இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் கிட்டார் சட்டென்று பின்னால் போய் நிற்பதைக் கேட்பீர்கள். ரிவெர்பின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதைவிட இது நூறு மடங்கு பயன்தரும்.

அதன் பிறகும் பக்கத்திலேயே இருந்தால், ஒலியின் அகலத்தைச் சோதியுங்கள். தொலைவில் இருக்கும் எதுவும் நம் இரு காதுகளுக்கும் அகலமாக விரிவதில்லை. இடக் கோடியிலும் வலக் கோடியிலும் ஒவ்வொரு கிட்டாரை வைத்துவிட்டுத் தொலைவை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டையும் நடுவை நோக்கி நெருக்குங்கள். ரிவெர்பின் திரும்பும் ஒலியையும் பாதி அகலத்துக்குக் குறுக்குங்கள்.

இவை எல்லாம் செலவில்லாத சோதனைகள். செலவு செய்யத் தயாராக இருந்தால், நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் ஒரு கருவி இருக்கிறது: மைக் செட் கடையின் குழாய் ஸ்பீக்கர். வயற்காட்டுக்கு அப்பால் உள்ள ஊரில் கொடை நடக்கும்போது காற்றில் ஏறி இறங்கி வரும் அந்த ஒலியை இங்கே அறியாதவர் இல்லை. நீங்கள் தேடும் தொலைவும் அதுவே. சுத்தமான தடத்துக்கு டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) சேர்த்து, குழாயின் வழியாக ஒலிக்கவிட்டு, 10 அல்லது 15 மீட்டர் தள்ளி ஒரு மைக்கை வைத்துப் பதியுங்கள். இதில் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியவை உள்ளன. குழாய் ஸ்பீக்கரின் யூனிட் தாழ்ந்த அலைவரிசைகளைத் தாங்காது. அனுப்பும் முன் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள அனைத்தையும் வெட்டிவிடுங்கள், இல்லையேல் உள்ளிருக்கும் மெல்லிய தகடு கிழியும். பல குழாய்கள் 100 வோல்ட் லைன் முறையில் இயங்குபவை. அவற்றை கிட்டார் ஆம்பில் நீங்களே இணைக்காமல், மைக் செட்காரரின் ஆம்ப்ளிஃபயரோடும் அவர் கையாலும் இணைக்கச் சொல்லுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, மூடிய அரங்குகள் போன்ற இடங்களைத் தவிர, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பகலிலும் அனுமதி பெற்றுத்தான் பயன்படுத்த வேண்டும். ஆகவே மூடிய கிடங்கிலோ கூடத்திலோ பகலில் செய்வதே நல்லது. சித்திரையிலும் ஆடியிலும் மைக் செட்காரர்களுக்கு மூச்சு விட நேரமிராது. அந்த மாதங்களைத் தவிர்த்துக் கேட்டால் பொறுமையாக உதவுவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொலைவு வேண்டும் என்பதற்காகக் கீழக்குயில்குடிச் சமணர் மலை அடிவாரத்துக்கோ யானைமலைக்கோ ஆம்பைத் தூக்கிச் செல்லும் யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வருகிறது. திறந்த வெளியில் சுவர்கள் இல்லை, ஆகவே நீடித்து மங்கும் எதிரொலியும் இல்லை. மைக்கைத் தள்ளி வைக்க வைக்க ஒலி சிறுக்கும், காற்றிரைச்சல் பெருகும். பாறை 50 மீட்டர் தொலைவில் இருந்தால், ஏறக்குறைய 0.3 விநாடி கழித்து ஒரே ஒரு எதிரொலி தனியாகத் திரும்பி வரும். அது தாளத்தைக் குலைக்கும். மேலும் அங்குள்ள சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள். அவற்றின் அருகே இவ்வளவு சத்தம் எழுப்பக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

## அறிகுறி: குளியலறைக்குள் வாசித்தது போல இருக்கிறது

நம் வீடுகளின் 10க்கு 10 அடி கான்கிரீட் அறைகளில் தொலைவு மைக்கை வைத்தால் இது நேரும். அறையின் நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால், 57 ஹெர்ட்ஸ் அளவிலும் அதன் மடங்குகளிலும் ஒலி குவிகிறது; உயரமும் 10 அடியாக இருந்துவிட்டால் மூன்றும் சேர்ந்துகொள்கின்றன. கைதட்டிப் பாருங்கள். 'டர்ர்ர்' என்று உலோகத் தன்மையோடு திரும்பி வந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மாறி மாறி மோதுகிறது என்று பொருள்.

முதல் திருத்தம் மைக்கின் இடம். அறையின் நட்டநடுவிலும் மூலையிலும் வைக்காமல், ஒரு சுவரிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வையுங்கள். அடுத்து, ஒரு சுவரில் மட்டும் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். எதிர்ச்சுவர் வெறுமையாகவே இருக்கட்டும். இரண்டையும் மூடினால் ஒலி செத்துவிடும். மிக்ஸில் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை 3 அல்லது 4 டெசிபல் குறைத்துப் பாருங்கள்.

இவற்றால் தீரவில்லையெனில், ஆம்பை அறைக்குள் வைத்து, கதவைப் பாதி திறந்து, மைக்கை மாடிப்படிக்கட்டின் திருப்பத்தில் வையுங்கள். ஒலி நேராக வராமல் வளைந்து வருவதால் உயர் அலைவரிசைகள் தாமாகவே குறையும், எதிரொலியும் நீளும். வீட்டிலேயே கிடைக்கும் மிகச் சிறந்த தொலைவு இதுதான் என்று நினைக்கிறேன். வேறு எதையும் முயலும் முன் இதை முயலுங்கள்.

செலவு செய்யும் கட்டம்: கல்யாண மண்டபம் அல்லது காலியான அரிசி ஆலைக் கிடங்கு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் மண்டபங்கள் காலியாக இருக்கும். அரை நாளுக்குப் பேசிப் பார்க்கலாம். போய்க் கைதட்டிக் கேளுங்கள். ஓசை 2, 3 விநாடி நீண்டால், மெதுவாக நகரும் டூம் ரிஃபுகளுக்கு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகளுக்கு) பொருந்தும்; வேகமாக அடிக்கும் பிளாக் மெட்டலுக்கு அது சேறாகிவிடும், அதற்கு ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலே போதும். முழுக் குழுவையும் அங்கே கொண்டுபோக வேண்டியதில்லை: பதிந்து முடித்த தடங்களை ஒரு ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, மண்டபத்தின் மறுகோடியில் மைக் வைத்துப் பதிந்தால் போதும்.

## அறிகுறி: கிட்டார் தகரம் போலக் கீச்சிடுகிறது, ரிஃப் புரியவில்லை

டிஸ்டார்ஷன் பெடலின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) பாதியாகக் குறைத்து ஒரு முறை வாசித்துப் பாருங்கள். தொலைவு மைக்கும் ரிவெர்பும் சேரும்போது அதே கெயின் இரு மடங்காகக் கேட்கும். பழைய நான்கு தடக் கேசட் பதிவுகளின் கரடுமுரடைக் கேட்டு அதிலிருக்கும் கெயினை அதிகமாக எண்ணிவிடுகிறோம்.

கெயின் குறைந்தும் கீச்சிட்டால், பெடலிலிருந்து நேராக இன்டர்ஃபேஸுக்குச் செல்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்பீக்கர் கேபினெட் இல்லாமல் பதிந்த டிஸ்டார்ஷனில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள சிராய்ப்பு அப்படியே நிற்கும். சிறிய பயிற்சி ஆம்ப் ஒன்றின் முன்னால் சாதாரண மைக்கை வைத்தால்கூட இது அடங்கும். மைக்கை ஸ்பீக்கரின் நடுக்குமிழிலிருந்து விளிம்பை நோக்கி இரண்டு விரல் அகலம் நகர்த்துங்கள்.

ரிவெர்பின் வரிசை மூன்றாவது சோதனை. ரிவெர்பை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் எல்லாம் ஒரே மூட்டமாகும். அதைத்தான் விரும்பிச் செய்கிறீர்களெனில் தொடருங்கள். ரிஃப் தெளிவாக வேண்டுமெனில் ரிவெர்பைப் பின்னால் வையுங்கள்.

எதுவும் மாறாமல், நேற்று நன்றாக இருந்தது இன்று மட்டும் கீச்சிடுவதாகத் தோன்றினால், காதைச் சந்தேகியுங்கள். 100 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்குப் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் 15 நிமிடமே. ஒத்திகை முடிந்த அன்று மிக்ஸ் செய்யாதீர்கள். காதில் ரீங்காரம் ஓரிரு நாள் கடந்தும் நின்றால், அது பதிவுப் பிரச்சினை அல்ல; காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள்.

வால்வ் ஆம்பாக இருந்து, ஒலி விட்டுவிட்டு வந்தால் அல்லது கருகிய வாசனை வந்தால், உடனே நிறுத்துங்கள். மின்னிணைப்பை எடுத்த பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ் தங்கியிருக்கும். அதைத் திறக்க வேண்டியவர் ஆம்ப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் மட்டுமே.

## அறிகுறி: டிரம்ஸ் சிம்பலாக மட்டுமே கேட்கிறது, கிக்கும் ஸ்னேரும் காணவில்லை

தொலைவு மைக்கில், காலால் அடிக்கும் கிக் டிரம்மையும் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மையும்விட, உலோகத் தட்டான சிம்பலே ஓங்கிக் கேட்கும். இதை மிக்ஸில் சரிசெய்ய முயல்வது வீண். வாசிப்பவரிடம் சிம்பலை மென்மையாகவும் ஸ்னேரை அழுத்தியும் அடிக்கச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மைக்கைத் தலைக்கு மேலே வைக்காமல், இடுப்பு உயரத்துக்கு இறக்கி, கிக் டிரம்மின் முன்னால் 2 மீட்டர் தள்ளி வையுங்கள்.

இரண்டு மைக் இருந்தால் ஒன்றின் பொலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ்த் திசையை) திருப்பிக் கேளுங்கள். திருப்பியதும் கிக் கனமானால், அதுவரை இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. அருகில் 30 சென்டிமீட்டரிலும், தொலைவில் 3 மீட்டரிலும் வைத்த மைக்குகளுக்கிடையே ஏறக்குறைய 8 மில்லிசெகண்ட் வித்தியாசம் இருக்கும். தொலைவு வேண்டும் என்னும்போது அதை நேர்ப்படுத்தாதீர்கள், அந்தத் தாமதமே தொலைவைச் சொல்கிறது. அருகிலுள்ள மைக்கை 12 டெசிபல் குறைத்து, கிக்கின் தட்டும் ஓசைக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: இரைச்சல்

இரைச்சலில் வேண்டியதும் உண்டு, வேண்டாததும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே இங்குள்ள வேலை.

### சீரான 'உஸ்ஸ்' ஒலி

இதை விட்டுவிடுங்கள். இந்த இசைக்கு அது கேடில்லை. ஆனால் பாடல் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் சட்டென்று அறுபடாமல், மெதுவாகத் தோன்றி மறையச் செய்யுங்கள்.

### தாழ்ந்த 'ம்ம்ம்' ஒலி

நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் இது. கிட்டார் கேபிளை ஆம்பிலிருந்து பிடுங்குங்கள். நின்றுவிட்டால் குற்றம் கிட்டாரிலோ பெடலிலோ கேபிளிலோ இருக்கிறது. கிட்டாரோடு உடலைத் திருப்பும்போது ஒலி கூடிக் குறைந்தால், பிக்கப் அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரையோ ஃபேன் ரெகுலேட்டரையோ வாங்குகிறது. நிற்கும் திசையை மாற்றினால் போதும். கேபிளைப் பிடுங்கியும் ஒலி நிற்கவில்லையெனில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே முடியும். அதன் பிறகு ஆம்ப், இன்டர்ஃபேஸ், கணினி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இணையுங்கள்.

மின்தடை வந்து இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கியதும் 'ஸ்ஸர்ர்' என்று எழுந்தால், அது சைன் அலை தராத இன்வெர்ட்டர். மின்சாரம் வரும்வரை பதிவை நிறுத்துங்கள்.

எக்காரணம் கொண்டும் பிளக்கின் எர்த் முனையை உடைக்காதீர்கள். இரைச்சல் போய்விடும் என்று இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உயிர் போகும் வழி அது. கிட்டார்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றால், அந்த நொடியே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கத்திரி வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்துபோய் எர்த் பலவீனமாவது இங்கே சாதாரணம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான வோல்ட்டேஜை அளந்து பார்க்கும்படி அவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்.

### காற்றோசை, தெருவோசை

தொலைவு மைக்குக்குக் கெயினைக் கூட்டுவதால் மின்விசிறியும் அதே அளவு பெரிதாகிறது. அறையை முன்கூட்டியே குளிர வைத்து, பதியும் நேரத்தில் மட்டும் அணையுங்கள். வெப்பம் ஏறும்போது கம்பிகளின் சுருதி இறங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் சுருதி பாருங்கள். சுருதி கெட்ட கிட்டாரை எந்த எதிரொலியும் காப்பாற்றாது.

## அறிகுறி: சத்தம் தானாக ஏறி இறங்குகிறது, அல்லது கூர்மையாகக் கிழிகிறது

ஃபோனில் பதிந்திருந்தால், அதன் தானியங்கி கெயினும் இரைச்சல் நீக்கியும் காரணம். டிரம் விழும்போது கிட்டார் அமுங்கி, பிறகு எழும்பும். இரண்டையும் அணைக்க வழிதரும் ரெக்கார்டிங் செயலியைப் பயன்படுத்துங்கள். வழியில்லையெனில் ஃபோனைப் பதிவுக் கருவியாகக் கொள்ளாதீர்கள்.

இன்டர்ஃபேஸில் சிவப்பு விளக்கு எரிந்து கிழிந்திருந்தால் மறுபடி பதிவதைத் தவிர வழியில்லை. 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கும்படி பதியுங்கள். கரடுமுரடை ஆம்பிலோ பெடலிலோ கேசட்டிலோ உண்டாக்குங்கள்.

## அறிகுறி: குரல் மட்டும் முன்னால் வந்து நிற்கிறது

வாய் மைக்கை ஒட்டியிருக்கிறது என்பதே எளிய காரணம். பாடுபவரை 1 மீட்டர் பின்னால் நிறுத்தி, மைக்குக்கு நேராக அல்லாமல் சுவரை நோக்கி அலறச் சொல்லுங்கள். இன்னும் முன்னால் நின்றால், பதிந்த குரலைச் சிறிய ரேடியோ ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, மாடிப்படியில் மைக் வைத்து மறுபடி பதியுங்கள்.

தொலைவு மைக்குக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். கெயின் அதைப் பார்த்துக்கொள்ளும். வலித்தாலோ, எச்சிலில் இரத்தம் தெரிந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். வலியில்லாத குரல் கம்மலாக இருந்தாலும் 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: கேசட்டில் பதிந்தது அலைகிறது, மெதுவாகிறது, பின்னோக்கி ஓடுகிறது

ஒலி மங்கியிருந்தால் முதலில் ஹெட்டையும் (நாடாவைப் படிக்கும் முனையையும்) ரப்பர் உருளையையும் துடையுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சு போதும். சுருதி அலைந்தால் வேறு கேசட்டை இட்டுப் பாருங்கள். 120 நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது, அதைத் தவிருங்கள். எல்லாக் கேசட்டும் அலைந்தால் பெல்ட் இளகியிருக்கிறது; பெல்ட் விலை குறைவு, மாற்றும் வேலைதான் பொறுமை கேட்கும்.

நான்கு தடக் கருவியில் பதிந்ததை வீட்டு டெக்கில் போட்டதும் பாதி வேகத்தில் ஓடி, சில தடங்கள் பின்னோக்கி ஒலித்தால் அது பழுது இல்லை. 1979இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 144 உட்படப் பல கருவிகள் நாடாவை இரட்டை வேகத்தில் ஓட்டி, நான்கு தடங்களையும் ஒரே திசையில் பதிபவை. பதிந்த கருவியிலேயே ஓட்டிக் கணினிக்கு மாற்றுங்கள்.

ஹெட்டில் விரல்நகம் சிக்கும் அளவு பள்ளம் விழுந்திருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டும். அதற்கு உதிரிபாகம் கிடைப்பதே பெரும்பாடு. பழைய டேப் ரெக்கார்டர் மெக்கானிக்கிடம் காட்டி, செலவைக் கேட்ட பின் முடிவெடுங்கள். சுத்தமான தடத்தைக் கணினியிலிருந்து நல்ல நிலையிலுள்ள ஒரு சாதாரண இரு தட டெக்குக்கு அனுப்பித் திரும்பப் பதிவதே மலிவானது.

## அறிகுறி: ஸ்பீக்கரில் நன்றாக இருக்கிறது, ஃபோனில் கரைந்துவிடுகிறது

மிக்ஸை மோனோவில், அதாவது இடத்தையும் வலத்தையும் ஒன்றாக்கிக் கேளுங்கள். கிட்டார் காணாமற்போனால், அகலமாக்கும் விளைவு ஒன்று இடத்தையும் வலத்தையும் எதிரெதிராக்கியிருக்கிறது, அதை நீக்குங்கள். மோனோவில் நன்றாக இருந்து, இணையத்தில் ஏற்றிய பின் நீருக்கடியில் கேட்பது போலானால், நீங்கள் ஏற்றியது ஏற்கெனவே சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பாக இருக்கும். சீரான இரைச்சலைச் சுருக்குவது கடினம். இரு முறை சுருக்கினால் அது குமிழியிடும். சுருக்கப்படாத வேவ் கோப்பாக ஏற்றுங்கள், உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். ஓங்கி ஒலிக்க வேண்டும் என்று நசுக்காதீர்கள். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரி ஒலி உரப்பின் அலகு) அளவைச் சுற்றியே ஒலியைச் சமன் செய்கின்றன, நசுக்கியதால் போன ஆழம் மட்டும் திரும்பி வராது.

இத்தனைக்கும் பிறகு மாஸ்டரிங் பொறியாளரிடம் (வெளியிடும் முன் ஒலியை இறுதியாகச் சீராக்குபவரிடம்) கொடுப்பதாக இருந்தால், இரைச்சலும் குறுகிய அகலமும் இறங்கிய உயர் அலைவரிசையும் வேண்டுமென்றே வைத்தவை என்பதை எழுதிக் கொடுங்கள். உங்கள் மனத்தில் உள்ள ஒலிக்கு நெருக்கமான ஒரு பதிவையும் உடன் அனுப்புங்கள். சொல்லாவிட்டால், அவர் தம் கடமையைச் செய்வதாக எண்ணி எல்லாவற்றையும் துலக்கித் தந்துவிடுவார்.